கறுப்பும் வெள்ளையும்: ஃபுளோரன்ஸ் 1300–1302, ஒரு நிகழ்வு ஆய்வு

ஆர்னோ ஆற்றின் தென்கரையில், ஃப்ரெஸ்கோபால்தி குடும்பத்து வீடுகள் இருந்த சதுக்கத்தில் ஒரு சாவு. இறந்தது ஒரு பெண். அடக்கத்துக்காக ஊர் கூடியிருக்கிறது. வீரப் பட்டம் பெற்றவர்களும் சட்டம் படித்தவர்களும் பெஞ்சில் உட்கார வேண்டும், மற்றவர்கள் தரையில் விரித்த கோரைப்பாயில் உட்கார வேண்டும் என்பது ஃபுளோரன்ஸ் வழக்கம். பாயில் இரண்டு குடும்பத்தார் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் தொனாத்தி, மறுபக்கம் செர்க்கி. நடுவில் ஒருவர் எழுந்தார். உடுப்பைச் சரிசெய்துகொள்ள எழுந்தாரோ, வேறு எதற்கோ. எதிர்வரிசை மொத்தமும் எழுந்தது. கைகள் வாளுக்குப் போயின. இவர்களும் உருவினார்கள். கூட்டம் நடுவில் புகுந்து விலக்கிவிட்டதால் அன்றைக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் செய்தி பரவியதும் செர்க்கி வீட்டு வாசலில் ஆட்கள் திரண்டு, தொனாத்திகளைப் போய் ஒரு கை பார்த்துவிடலாம் என்றார்கள். செர்க்கிகளில் ஒருவர் வேண்டாமென்று தடுத்துவிட்டார்.

இதை எழுதி வைத்தவர் தீனோ கொம்பாஞ்ஞி. பட்டு வணிகர், நகர ஆட்சியில் பலமுறை பொறுப்பு வகித்தவர். நான் இங்கே எழுதப்போகும் நிகழ்வின் உச்சத்தில் ஆட்சிக்குழுவிலேயே உட்கார்ந்திருந்தவர். அவர் செர்க்கிகளைச் சுற்றித் திரண்ட வெள்ளைக் கட்சிக்காரர், தோற்ற தரப்பு. அதை மனதில் வைத்துத்தான் அவரைப் படிக்க வேண்டும். ஜொவான்னி வில்லானி என்ற வணிகர் அடுத்த தலைமுறையில் எழுதிய வரலாறு, வென்ற தரப்பின் ஊருக்குள்ளிருந்து வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபடுகிறது.

இத்தாலியக் கோஷ்டிப் பூசல் என்றாலே போப்பின் பக்கம் குவெல்ஃப், புனித ரோமப் பேரரசரின் பக்கம் கிபெல்லீன் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். 1300-இல் ஃபுளோரன்ஸைக் கிழித்த இரண்டு கட்சிகளுமே குவெல்ஃப்தான். கிபெல்லீன்களின் ஆட்சி முடிந்து அப்போது 33 வருடம் ஆகியிருந்தது. அப்படியிருக்க, ஒரே கட்சி ஏன் இரண்டாகி, ஒரு பாதி இன்னொரு பாதியை ஊரைவிட்டே துரத்தியது? எனக்குப் படும் விடை இதுதான்: எதிரி போய்விட்டான், ஆனால் எதிரிக்காகச் செய்து வைத்த கருவிகள் ஊரிலேயே தங்கிவிட்டன.

பழைய பகை விட்டுச் சென்றவை

ஃபுளோரன்ஸ்காரர்கள் தங்கள் பகைக்குத் தொடக்கமாகச் சொன்ன கதை 1216-ஆம் வருடத்தது. புவொந்தெல்மோந்தே என்ற இளைஞன் அமிதேய் வீட்டுப் பெண்ணை நிச்சயம் செய்துவிட்டு, அவளைக் கைவிட்டுத் தொனாத்தி வீட்டுப் பெண்ணை எடுத்தான். ஈஸ்டர் நாளன்று பழைய பாலத்தின் அருகே, மார்ஸ் தேவனின் சிலையடியில் அவனை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு கல்யாணப் பேச்சு ஊரையே இரண்டாக்கியது என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பகை என்பது கொண்டான் கொடுத்தான் விவகாரம் என்றும், போப்பும் பேரரசரும் அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்றும் அந்த ஊரே நினைத்தது. அது முக்கியம்.

அப்புறம் நடந்ததெல்லாம் மாற்றி மாற்றி வெளியேற்றம். 1248-இல் குவெல்ஃப்கள் வெளியே. 1258-இல் கிபெல்லீன்கள் வெளியே. 1260 செப்டம்பர் 4 அன்று மோந்தாபெர்த்தி போரில் ஃபுளோரன்ஸின் குவெல்ஃப் படை சிதறியதும் மறுபடி குவெல்ஃப்கள் வெளியே. இந்த முறை கிபெல்லீன்கள் ஆளை விரட்டியதோடு நிற்கவில்லை, வீட்டையும் இடித்தார்கள். பின்னால் திரும்பி வந்த குவெல்ஃப்கள் கணக்கெடுத்த நஷ்டப் பதிவேட்டில் 103 மாளிகைகள், 580 வீடுகள், 85 கோபுரங்கள் என்று ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பட்டியல் இருக்கிறது.

கோபுரம் என்றதும் கோயில் நினைவுக்கு வரும். இது வேறு. உறவு முறையான சில குடும்பங்கள் கூட்டாகப் பணம் போட்டுக் கட்டிக்கொண்ட குறுகலான, உயரமான கல் கட்டடம். சண்டை வந்தால் ஏறிக்கொள்ளலாம், மேலிருந்து கல்லை உருட்டலாம். சுவரில் உத்திரம் செருகும் ஓட்டைகளில் மரக்கட்டை நீட்டி, பக்கத்துக் கோபுரத்துக்குப் பாதை போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கும் ஃபுளோரன்ஸின் பழைய சந்துகளில் அந்த ஓட்டைகளைப் பார்க்கலாம். 1250-இல் பொதுமக்கள் ஆட்சியைப் பிடித்தபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கோபுரங்கள் எதுவும் 50 முழத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 29 மீட்டருக்கு மேல், இருக்கக் கூடாது என்று மீதியை இடித்துத் தள்ளியதுதான்.

1266-இல் பெனவெந்தோ போரில் கிபெல்லீன்களின் புரவலரான மன்னர் மான்ஃப்ரெட் மாண்டார். மறு வருடம் குவெல்ஃப்கள் வீடு திரும்பினார்கள். வெளியேற்றிய கிபெல்லீன்களின் சொத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பங்கு நகராட்சிக்கு, ஒரு பங்கு நஷ்டப்பட்ட குவெல்ஃப்களுக்கு, ஒரு பங்கு குவெல்ஃப் கட்சிக்கே. ஒரு கட்சி சட்டபூர்வமாகச் சொத்து வைத்துக்கொள்ளும் நிறுவனமாகிவிட்டது. எதிரி திரும்பி வந்தால் சொத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், எதிரி வராமல் இருப்பதில் ஊருக்கே ஒரு பணலாபம் உண்டாயிற்று. ஊர் விலக்கு, பறிமுதல், இடிப்பு ஆகிய மூன்றும் நீதிமன்றத்தின் வழக்கமான நடைமுறையாயின. 1300-இல் சண்டை வந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அடுத்தடுத்த வீடு

செர்க்கிகள் கிராமத்திலிருந்து வந்தவர்கள். வட்டியிலும் வணிகத்திலும் பெரும் பணம் சேர்த்தவர்கள். 1280-இல் பழைய பிரபுக் குடும்பமான குயிதிகளின் மாளிகைகளை வாங்கி, இன்னும் பெரிதாகக் கட்டினார்கள். நகரம் ஆறு வட்டங்களாகப் பிரிந்திருந்தது. இந்த மாளிகைகள் சான் பியேரோ வாசல் வட்டத்தில், தொனாத்திகளுக்குப் பக்கத்தில் இருந்தன. தொனாத்திகள் பழைய வம்சம், பெயர் பெரிது, பை அத்தனை பெரிதில்லை. அடுத்த வீட்டுக்காரன் நல்ல குதிரையும் நல்ல உடுப்பும் நிறைய வேலைக்காரர்களுமாக வாழ்வதைத் தினமும் பார்க்க வேண்டும். அந்த வட்டத்துக்கே 'வம்பு வட்டம்' என்ற அர்த்தத்தில் பெயர் வந்துவிட்டது.

தொனாத்திகளின் தலைவர் கோர்சோ. 1289-இல் காம்பால்தீனோ போரில் பின்படையை வைத்துக்கொண்டு, உத்தரவில்லாமல் நகரக் கூடாது என்ற கட்டளையை மீறிப் பாய்ந்து வெற்றிக்கு வழி செய்தவர். நல்ல பேச்சு, நல்ல தோற்றம், துணிச்சல், இரக்கம் மட்டும் கிடையாது. செர்க்கிகளின் தலைவர் வியேரியும் அதே போரில் முன்வரிசையில் நின்றவர்தான். ஆனால் பேச்சில் சமர்த்தில்லை. கோர்சோ அவரை வாசல் வட்டத்துக் கழுதை என்று ஊரறியக் கேலி செய்து, இன்றைக்குக் கழுதை கத்தியாயிற்றா என்று விசாரிப்பார். இந்த இருவரும் சம்பந்திகள் வேறு: கோர்சோவின் முதல் மனைவி செர்க்கி குடும்பத்துப் பெண். அவள் இறந்தபோது கோர்சோ விஷம் வைத்தார் என்ற பேச்சு எழுந்தது. உண்மையோ பொய்யோ, அந்தப் பேச்சு அடங்கவே இல்லை.

கவிஞர் குயிதோ கவல்காந்தி இந்தக் கதைக்குள் வருவது இப்படித்தான். கோர்சோ தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தார் என்று நம்பிய அவர், ஒரு நாள் குதிரையில் வரும்போது எதிரே கோர்சோவைக் கண்டார். கூட வந்த செர்க்கி இளைஞர்கள் பின்னால் வருவார்கள் என்று நம்பிக் குதிரையைத் தட்டிவிட்டு, கையிலிருந்த ஈட்டியை எறிந்தார். குறி தப்பியது. திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. தொனாத்திகள் கல்லெறிந்ததில் கையில் அடியோடு திரும்பினார். வெள்ளைக் கட்சியின் முழு வரலாறும் இந்த ஒரு காட்சியில் எனக்குத் தெரிகிறது.

கறுப்பு, வெள்ளை என்ற பெயர்கள் பக்கத்து ஊரான பிஸ்தோயாவிலிருந்து வந்தவை. அங்கே ஒரே குடும்பம் அந்தப் பெயர்களில் இரண்டாகி வெட்டிக்கொண்டது. பிஸ்தோயாவை அடக்கும் பொறுப்பை ஏற்ற ஃபுளோரன்ஸ், சண்டைக்காரர்களைத் தன் ஊருக்கே கொண்டுவந்து தங்க வைத்தது. தங்கிய வீடுகள் ஏற்கெனவே பகையில் இருந்த வீடுகள். பெயர் ஒட்டிக்கொண்டது: செர்க்கியைச் சுற்றி வெள்ளை, தொனாத்தியைச் சுற்றிக் கறுப்பு. போப்பின் பணத்தைக் கையாண்ட ஸ்பீனி வங்கிக் குடும்பம் கறுப்பில் சேர்ந்தது. அதனால் போப் எட்டாம் போனிஃபேஸின் கண்ணுக்கு ஃபுளோரன்ஸ் எப்படித் தெரியும் என்பது கறுப்பர் கையில் இருந்தது. ரத்த உறவு ஆளைக் கட்டிப் போட்டது என்று நினைக்க வேண்டாம். 'தெய்வீக நாடகம்' எழுதிய கவிஞர் தாந்தேயின் மனைவி ஜெம்மா தொனாத்தி குலத்துப் பெண். தாந்தே நின்றது எதிர்ப்பக்கத்தில்.

1300: மே முதல் ஜூன் வரை

மே 1, வசந்தத் திருவிழா. சாந்தா திரினித்தா சதுக்கத்தில் பெண்கள் நடனமாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டு இளைஞர்களும் குதிரையில் வந்து பார்த்தபடி நின்றவர்கள், நெருக்கித் தள்ளி, வாளை உருவினார்கள். அந்தக் களேபரத்தில் ரிக்கொவெரீனோ தெ செர்க்கியின் மூக்கு வெட்டுப்பட்டு விழுந்தது. மூக்கறுபட்ட அவமானம் எந்த மொழியிலும் விளக்கம் கேட்காது. அன்றிலிருந்து ஊர் வெளிப்படையாக இரண்டு.

நகரை ஆண்டது பிரியோர் என்று அழைக்கப்பட்ட ஆறு பேர் குழு. அவர்களோடு நீதிக்கொடி ஏந்தும் அதிகாரி ஒருவர். பதவிக்காலம் இரண்டே மாதம். 1282-இல் இந்த முறை தொடங்கியபோது, பெரிய மனிதர்களின் மிரட்டலுக்குப் பயப்படாமல் இருக்க, கஸ்தாஞா கோபுரம் என்ற கட்டடத்தில் இவர்களைப் பூட்டி வைத்தே ஆட்சி நடத்தச் சொன்னார்கள். அந்தக் கோபுரம் இன்றும் நிற்கிறது. யாரும் வேர்விடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நல்ல எண்ணம்தான். ஆனால் அறுபது நாளில் இறங்கப்போகிறவர் யாரையும் பகைத்துக்கொள்ளத் தயங்குவார். இறங்கிய மறுநாள் அவரும் அதே தெருவில் நடந்தாக வேண்டும். கோஷ்டித் தலைவருக்கோ பதவிக்காலமே கிடையாது.

1293-இல் வந்த நீதிச் சட்டங்கள் பெருங்குடும்பத்தாரை ஆட்சிப் பதவியிலிருந்து விலக்கின. குற்றம் செய்தால் அவர்கள் வீட்டை இடிக்கவும் வழி செய்தன. இந்தக் கோபம் 1300 ஜூன் 23 அன்று, புனித யோவான் திருநாளுக்கு முந்தின நாள் வெடித்தது. காணிக்கையோடு ஊர்வலமாகப் போன தொழிற்குழுத் தலைவர்களைப் பெருங்குடும்பத்தார் சிலர் மடக்கி அடித்தார்கள். காம்பால்தீனோவில் ஜெயித்துக் கொடுத்தவர்கள் நாங்கள், எங்களைப் பதவியிலிருந்து தள்ளிவிட்டீர்களே என்பது அவர்கள் குறை.

அப்போது பிரியோராக இருந்தவர்களில் தாந்தே ஒருவர். ஜூன் 15-இலிருந்து ஆகஸ்ட் 15 வரை அவர் முறை. குழு இரண்டு தரப்புத் தலைவர்களையும் ஊரைவிட்டு அனுப்பியது. கறுப்பர்கள் காஸ்தெல் தெல்லா பியேவேக்கு, வெள்ளையர்கள் சார்சானாவுக்கு. சார்சானாவுக்குப் போனவர்களில் தாந்தேயின் உற்ற நண்பர் குயிதோ கவல்காந்தியும் உண்டு. அந்த இடத்துக் காற்று ஆகாமல் நோயோடு திரும்பிய குயிதோ, ஆகஸ்ட் மாதமே இறந்துபோனார். தன் கையெழுத்தில் போன நண்பன் பிணமாகப் போவதைப் பார்த்த தாந்தேயின் மனநிலையை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. கொள்கையளவில் அது சரியான முடிவு. ஆனால் வெள்ளையர்கள் சீக்கிரமே திரும்ப அழைக்கப்பட்டார்கள், கறுப்பர்கள் அழைக்கப்படவில்லை. நடுநிலை என்ற பெயர் அத்தோடு போயிற்று.

போப் சமரசத்துக்கு அனுப்பிய கர்தினால் மத்தேயோவின் ஜன்னலில் யாரோ வில்லம்பு எய்தார்கள். மன்னிப்புக் கேட்கும் விதமாக ஊர் கொடுத்த 2000 ஃப்ளோரின் நாணயங்களை வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்துப்போனவர் கொம்பாஞ்ஞி. கர்தினால் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுக்காமல் விட்டார் என்று எழுதியிருக்கிறார். போப் வியேரியையே நேரில் அழைத்துச் சமாதானமாகப் போகச் சொன்னபோது, எனக்கு யாரோடும் சண்டையே இல்லையே என்றார் வியேரி. தொனாத்திகளோடு அத்தனை பகையிலிருந்த வீட்டின் தலைவர் பேசுகிற பேச்சா அது? போப்பின் மனம் கறுப்பர் பக்கம் சாய்ந்தது.

1301 நவம்பர்

கறுப்பர்கள் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு அரசரின் தம்பி வலுவா சார்லஸ், போப்பின் சமாதானத் தூதர் என்ற பட்டத்தோடு படையுடன் வந்துகொண்டிருந்தார். அந்த ஜூன் மாதமே, போப்புக்குப் படை உதவி தருவது பற்றிய ஆலோசனைக் கூட்டத்தில், எதுவும் தர வேண்டாம் என்று தாந்தே பேசியது நகரப் பதிவில் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் அவர் தூதராக ரோமுக்குப் போனார்.

அக்டோபர் 15-இல் பொறுப்பேற்ற பிரியோர்களில் கொம்பாஞ்ஞியும் இருந்தார். சார்லஸை உள்ளே விடலாமா என்று தொழிற்குழுக்களிடம் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் விடலாம் என்றார்கள். ஊரின் மேல் எந்த அதிகாரமும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று முத்திரையிட்ட கடிதம் வேண்டும் என்று பிரியோர்கள் கேட்க, அதுவும் வந்தது. கொம்பாஞ்ஞி அதைத் தன் கண்ணால் பார்த்து நகல் எடுத்து வைத்துக்கொண்டார். சார்லஸ் வந்த பிறகு, இது உங்கள் சம்மதத்தோடுதான் எழுதப்பட்டதா என்று அவரிடமே கேட்டார். நிச்சயமாக, என்றார் சார்லஸ்.

சார்லஸ் வருவதற்கு முன் கொம்பாஞ்ஞி இன்னொன்று செய்தார். இரு தரப்பு முக்கியஸ்தர்களையும் யோவான் ஞானஸ்நானக் கோயிலுக்கு வரவழைத்தார். ஃபுளோரன்ஸில் பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஞானஸ்நானம் பெறும் இடம் அது. நாமெல்லோரும் இதே தொட்டியில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள், சகோதரர்களாக இருப்போம் என்று பேசினார். எல்லோரும் வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். அழுதுகொண்டே சத்தியம் செய்தவர்கள்தான் பின்னால் நாசத்தில் முன்னே நின்றார்கள் என்று எழுதும்போது அவருடைய கை நடுங்கியிருக்க வேண்டும். அது ஆயுதத்தைத் தீட்ட வேண்டிய நேரம், நாங்கள் சமாதானம் பேசிக்கொண்டிருந்தோம் என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்.

நவம்பர் 1-இல் சார்லஸ் உள்ளே வந்தார். நவம்பர் 5-இல், சாந்தா மரியா நொவெல்லா கோயிலில் நகரப் பாதுகாப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். காப்பாற்றுவேன் என்று சத்தியம் செய்தார். அதன் கையோடு ஊர் விலக்கில் இருந்த கோர்சோ ஆட்களோடு வந்து, ஒரு சிறு வாசலை உடைத்து உள்ளே புகுந்தார். சிறைகளைத் திறந்துவிட்டார். சார்லஸின் படை அசையவில்லை.

பிரியோர்கள் மாளிகையின் பெரிய மணியை அடித்தார்கள். அந்த மணி அடித்தால் ஊர் ஆயுதத்தோடு கூட வேண்டும். யாரும் வரவில்லை. செர்க்கி வீட்டிலிருந்து குதிரையிலும் வரவில்லை, நடந்தும் வரவில்லை. அதிமாரி குடும்பத்தின் கோச்சா, பிந்தோ இருவர் மட்டும் தங்கள் சகோதரர்களோடும் பிள்ளைகளோடும் மாளிகைக்கு வந்தார்கள். வேறு யாரும் வராததைப் பார்த்துவிட்டு அவர்களும் வீட்டுக்குப் போனார்கள்.

இந்த மணியோசைதான் நிகழ்வின் மையம் என்பேன். வெள்ளையர்கள் கையில் ஆட்சி இருந்தது, பணம் இருந்தது, மக்களில் பெரும்பகுதி அவர்கள் பக்கம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: முதல் ஆளாக வெளியே வரத் துணிவது. செலவும் பழியும் நம் தலையில் விழுமே என்று செர்க்கிகள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தலைவர் வராத இடத்துக்குத் தொண்டன் எதற்கு வருவான்?

ஆறு நாள் கொள்ளை. கடைகள், வீடுகள், கிராமத்துப் பண்ணைகள். பணக்கார வீட்டுப் பெண்களை வலுக்கட்டாயமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். தூரத்தில் தீ எழும்போது சார்லஸ், அது என்ன தீ என்று கேட்பாராம். ஏதோ குடிசை என்பார்களாம். எரிந்துகொண்டிருந்தது மாளிகை.

தீர்ப்புகள்

கொள்ளை முடிந்ததும் சட்டம் வந்தது. பொதெஸ்தா என்ற தலைமை நீதிபதி, உள்ளூர்க் கோஷ்டிகளோடு சம்பந்தம் இருக்கக் கூடாது என்பதற்காகவே வெளியூரிலிருந்து வரவழைக்கப்படும் சம்பளக்காரர். இம்முறை வந்தவர் குப்பியோ ஊர்க்காரரான காந்தே. 1302 ஜனவரி 27 அன்று தாந்தேக்கும் வேறு சிலருக்கும் தீர்ப்பு: பதவியை வைத்துப் பணம் பண்ணினார்கள், போப்பையும் சார்லஸையும் எதிர்த்தார்கள். 5000 ஃப்ளோரின் அபராதம், மூன்று நாளில் கட்டாவிட்டால் சொத்துப் பறிமுதல், இரண்டு வருட ஊர் விலக்கு, இனி எந்தப் பதவியும் கிடையாது. ஊர்ப்பேச்சே சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஊரில் இல்லாத தாந்தே வந்து பதில் சொல்லவில்லை. மார்ச் 10-இல் அவரையும் இன்னும் 14 பேரையும் பிடித்தால் உயிரோடு எரிக்க உத்தரவு. ஏப்ரலில் செர்க்கிகள் உட்பட வெள்ளையர் தலைவர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். கிபெல்லீன்களை விரட்டிய தண்டனைகளோடு இவையும் ஒரே பதிவேட்டில் ஏறின. ஆணிகள் பதித்த அட்டைகொண்ட அந்தப் பதிவேடு ஃபுளோரன்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கொம்பாஞ்ஞி தப்பியதும் சட்டத்தால்தான்: பதவி இறங்கிய பிரியோர்மீது ஒரு வருடத்துக்கு வழக்குப் போட முடியாது என்ற விதி அவரைக் காப்பாற்றியது.

வென்றவர்கள் ஒன்றாக இருந்தார்களா? மூன்று வருடம்கூட இல்லை. கோர்சோ ஒரு பக்கம், ரோஸ்ஸோ தெல்லா தோசா மறுபக்கம் என்று கறுப்பர்களே பிரிந்தார்கள். 1304 ஜூன் 10 அன்று கோஷ்டிக்காரர்கள் வைத்த தீ நகரின் நடுப்பகுதியைத் தின்றது. 1700-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் என்பது வில்லானியின் கணக்கு.

1308 அக்டோபரில் கோர்சோமீது துரோகக் குற்றம் சாட்டினார்கள். அவருடைய புது மாமனார் உகுச்சோனே பெயர்போன கிபெல்லீன் தளபதி. அவரோடு சேர்ந்து ஊரைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று சந்தேகம். குற்றச்சாட்டு, அழைப்பாணை, தீர்ப்பு எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்ததாக வில்லானி எழுதுகிறார். மணி அடித்தது, இம்முறை ஊர் திரண்டது. மூட்டு வாதத்தால் ஆயுதம் பிடிக்க முடியாத நிலையிலிருந்த கோர்சோ தப்பி ஓடும்போது பிடிபட்டு, சான் சால்வி மடத்தருகே குதிரையிலிருந்து விழுந்தார். ஒரு கத்தலான் கூலிப்படை வீரன் அவர் தொண்டையில் ஈட்டியைப் பாய்ச்சினான். மடத்துத் துறவிகள் எடுத்துப் புதைத்தார்கள். பயத்தில் அடக்கத்துக்குப் பெரிய கூட்டம் வரவில்லை.

1311 தொடக்கத்தில், கோர்சோவின் சாவுக்குக் காரணமானவர்களில் ஒருவராகக் கருதப்பட்ட பெத்தோ புருனெல்லெஸ்கி தன் வீட்டில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். தொனாத்தி இளைஞர்கள் இருவர் ஆட்களோடு உள்ளே வந்து தலையில் வெட்டினார்கள். அதன் பிறகு தொனாத்திகள் சான் சால்விக்குப் போய்க் கோர்சோவின் உடலைத் தோண்டி எடுத்து, அன்றுதான் இறந்தவர்போல அழுது ஒப்பாரி வைத்து, ஊர் பார்க்க இரண்டாம் முறை அடக்கம் செய்தார்கள்.